பாகுமே ஆறு

தெஸ்ஸி மலைச்சரிவில் எங்கள் பள்ளி.
விடுமுறைதான். கணக்கில் தோற்ற பதினேழு பேருக்காக
மழையோடு மழையாக ஒரு வகுப்பு.
எங்கள் கடிகாரம் விடியலில் எண்ணத் தொடங்கும்;
காலை மூன்று மணி என்றால்
வெயில் நன்றாக ஏறியிருக்க வேண்டும்.
ஏறவில்லை.
தகரக் கூரை போட்ட சத்தத்தில்
நான் சொன்னதில் பாதி
முதல் பெஞ்சோடு நின்றுபோனது.

முப்பது முப்பதாகப் பன்னிரண்டு மாதம்.
மிஞ்சிய ஐந்து நாளையும் தெருவில் விடாமல்
பாகுமே என்று பெயர் வைத்தோம்:
பதின்மூன்றாவது மாதம்,
கடைக்காரர் பொட்டலத்தின் மேல் வைக்கும்
கொசுறு.
மத்தேயுவின் ஆண்டில் ஐந்து, மாற்குவின் ஆண்டில் ஐந்து,
லூக்காவின் ஆண்டு முடியும்போது மட்டும் ஆறு,
யோவானுக்கு மறுபடி ஐந்து.
பைபிளில் காரணம் தேடாதீர்கள் என்றேன்.
வெளியே வாருங்கள்.

மழை கொஞ்சம் விட்டிருந்தது.
கொடிக்கம்பம் சூரியன்.
யித்பாரெக் பூமி; செருப்பைக் கழற்றிவிட்டு
சேற்றில் சுற்ற ஆரம்பித்தான்.
தொடங்கிய இடத்தில் ஒரு கல்.
எண்ணி முடித்து 'ஆண்டு தீர்ந்தது, நில்!' என்று கத்தினோம்.
கல்லுக்கு ஓர் எட்டு இருக்கும்போதே
நிற்க வேண்டியதாயிற்று அவனுக்கு.
(வானத்தில் அது மயிரிழை.
பள்ளிக்கூடத்தில் எல்லாமே கொஞ்சம் பெரிது.)
நின்ற இடத்திலிருந்து அடுத்த சுற்று.
இரண்டு எட்டுக் குறைந்தது. மூன்று. நான்கு.
'இப்படியே விட்டால்
புத்தாண்டுப் பூ பூக்கும் முன்னே
புத்தாண்டு வந்துவிடும்' என்றேன்.
'போ, நாலு எட்டும் வை.'
வைத்தான். கல்லை மிதித்தான். வழுக்கி விழுந்தான்.
அந்த நாலு எட்டுதான்
பாகுமே ஆறு.

ஆண்டுக்கு ஒரு கால் நாள்.
நாலு கால் கிடைத்ததும்
ஒரு நாள் எழுந்து நின்றுவிடுகிறது
பிறந்த கன்றைப்போல.

எல்லாரும் சிரித்துக்கொண்டே உள்ளே போக
மஹிதெர் மட்டும் கல்லருகே நின்றாள்.
'டீச்சர், மூணு வருஷமா அந்தக் கால் நாளெல்லாம்
யார் வீட்டுல இருக்கும்?'
யார் வீட்டிலும் இல்லை, பாக்கி என்றேன்.
சூரியனுக்கு நாம் கொடுக்க வேண்டியது.
நாலு வருடத்துக்கு ஒருமுறை
மொத்தமாகத் தீர்க்கிறோம்.
யோசித்தாள்.
'எங்கம்மாவுக்கு யாரும் தீர்க்கலையே.'

பேருந்து நிலையத்துக்குக் கீழே ஒரு மாடிவீட்டில்
துணி துவைப்பவர் அவள் அம்மா. மாதச் சம்பளம்.
பாகுமே ஒரு மாதமா என்ன
என்பாராம் வீட்டுக்காரம்மா.
வாடகைக்காரர் நல்லவர், அவரும் அதை எண்ணுவதில்லை.
தெஃப் மாவு விற்பவர் எண்ணுகிறார்.
வயிறு எண்ணுகிறது.
துணியும் அந்த ஐந்து நாள்
அழுக்காகாமல் இருப்பதில்லை.
'இந்த வருஷம் லூக்கா.
ஆறு நாள், டீச்சர்.'

என் சம்பளமும் பன்னிரண்டுதான்.
அதைச் சொல்லி என்ன ஆகும், சொல்லவில்லை.
பாடத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது,
அதையும் சொல்லவில்லை:
அந்தக் கால் முழுக் கால் அல்ல,
ஆண்டுக்குப் பதினோரு நிமிடம் குறைவு.
நாமோ நிறுத்துப் பார்க்காமல்
முழுக் காலாகவே கொடுத்துவருகிறோம்,
நூற்றாண்டுகளாக,
கேட்காத சூரியனுக்கு.

கரும்பலகையில் அன்றைய தேதியை அழித்தேன்.
மஹிதெர் நோட்டில் பன்னிரண்டு பெரிய கட்டம் போட்டு
பக்கத்தில் ஆறு சின்னக் கட்டம் போட்டாள்.
ஒவ்வொன்றிலும்
ஒரு வாளி வரைந்தாள்.
ஆறாவது வாளிக்குக் கைப்பிடி போடுவதற்குள்
மணி அடித்துவிட்டது.